வரும் ஆண்டின் உடுப்பு

ஆண்டு பிறக்கும்போது மாந்தர் உறுதி பூணுவது பழைய வழக்கம். ஒருவர் கள்ளை விடுவேன் என்பார். ஒருவர் சினத்தை அடக்குவேன் என்பார். ஒருவர் பழனிக்கு நடந்தே போவேன் என்பார். நான் அறிந்த ஒரே ஒருவர், வருகிற ஆண்டில் தாம் என்ன உடுத்தப் போகிறோம் என்பதைப் பற்றி மட்டும் ஆண்டுதோறும் உறுதி பூண்டார். அவர் செல்வர் வீட்டுப் பெண்மணி அல்லர். கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அவரிடம் இருந்தவை இரண்டே சேலைகள். இரண்டும் வெள்ளை.

அவர் பெயரை இங்கே எழுதேன். எழுதினால் இன்னார் என்று அறியக்கூடியவர் இப்போது எவரும் இல்லை. ஆயினும் தோட்டத்தார் அந்தப் பெயரை ஒரு பட்டியலில் ஏற்றிய நாளில் நான் அருகில் வாய் திறவாது நின்றவன். இன்று அதை அச்சில் ஏற்றும் உரிமை எனக்கு இல்லை.

முப்பதுகளின் தொடக்கத்தில் அத்தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியனாய் இருந்தேன். அகவை இருபத்து நான்கு, மணமாகாதவன். தகரக் கூரை வேய்ந்த ஒற்றைக் கூடமே பள்ளி. அதன் பின்புறத்தில் எனக்கோர் அறை. மாலையில் பிள்ளைகள் போனபின் ஊருக்குக் கடிதம் எழுத வேண்டியவர்கள் என்னிடம் வருவார்கள். மார்கழிக் கடைசியில் ஒரு நாள் அவரும் வந்தார். தலைமேல் மடித்துப் போட்ட கறுப்புக் கம்பளி; இடுப்பில் நனைந்த சாக்குப் படங்கு; அதன் கீழே கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய வெள்ளைச் சேலை. வெள்ளையில் அங்கங்கே செம்புள்ளிகள். அட்டை கடித்த குருதி. வண்ணச் சேலை உடுத்தியவர்க்கும் அட்டை கடிக்கத்தான் செய்யும். ஆனால் வெளியே தெரியாது.

"ஊருக்குக் கடிதமா?" என்று கேட்டேன்.

"ஊருல யாருங்க இருக்கா எனக்கு எழுத? எனக்குத்தான் எழுதணும்."

"உங்களுக்கே கடிதமா?"

"கடுதாசி இல்லைங்க வாத்தியாரய்யா. வர்ற வருசம் நான் என்னென்ன உடுத்தப்போறேன்னு மாசாமாசம் சொல்றேன். நீங்க எழுதிக் குடுங்க."

நான் சிரித்தேன். அவர் என் சிரிப்பு முடியும்வரை பொறுத்திருந்தார். பிறர் சிரித்தால் அது தீரும்வரை பொறுத்திருப்பது அவர் இயல்பென்று பின்னாளில் கண்டேன். மழைக்கு ஒதுங்கி நிற்பதுபோல் நிற்பார்.

"எழுதி என்ன பயன்?"

"தோட்டத்துல காயிதத்துல இருந்தாத்தானுங்களே ஆளு? செக்ரோல் புஸ்தகத்துல பேரு இல்லாட்டி, நேர்ல நின்னாலும் ஆளு இல்லைம்பாங்க. அதுமாதிரி இதையும் காயிதத்துல போட்டு வச்சா நடந்துரும்னு ஒரு நெனப்பு."

எழுதினேன். தை மாதம் தலைத்துணியின் மடிப்பை இடப்புறம் இறக்கிக் கட்டுதல். மாசியில் கணவருடைய பழைய கோட்டை அணிதல். பங்குனியில் கம்பளிக்கு ஓரம் அடித்தல். இவ்வாறு பன்னிரண்டு மாதம். அவர் அந்தத் தாளை நான்காய் மடித்து, தகரப் பெட்டியின் அடியில் வைப்பதாகச் சொல்லி எடுத்துச் சென்றார்.

இதனை ஒப்பனை ஆசை என்றே அன்று எண்ணினேன். எண்ணியது தவறு.

அத்தோட்டத்தில் விடியுமுன்பே ஆட்கள் பெரட்டுக் களத்தில் வரிசையாய் நிற்பர். பெரிய கங்காணி வந்து, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவார். காலையில் அவர் கண் முதன்முதலில் வெள்ளைச் சேலையில் விழுந்தால் அன்றைய நாள் கெட்டது என்பது அவருடைய திண்ணமான நம்பிக்கை. ஆதலின் இந்த அம்மையார் எல்லார்க்கும் பின்னே, உரக் கொட்டகையின் மறைவில் நிற்க வேண்டும். முன்னே நிற்பவர்க்கு நல்ல மலை. பின்னே நிற்பவர்க்கு எஞ்சிய மலை. எஞ்சுவது எந்நாளும் ஓடைப்பக்கத்துச் செங்குத்து. அட்டை மிகுந்து கொழுந்து குறைந்த இடம். அங்கே பறித்தால் கூடை நிறையாது; கூடை நிறையாவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி. ஆளைக் குறைக்கும் காலம் வந்தால் அரைப்பேர் மிகுந்தவர் பெயரைத்தான் முதலில் வெட்டுவார்கள். பெயர் வெட்டுண்டவர்க்கு லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், காம்பரா எனும் ஓரறை வீடும் இல்லை. இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

கொடுமை என்னவெனில், அந்தக் கங்காணி அவர் கணவருக்குப் பங்காளி. கணவர் மலைச்சரிவில் வழுக்கி விழுந்து இறந்த பதினாறாம் நாள், முறைப்படி வெள்ளை உடுத்த வைத்தவர்களுள் கங்காணியே முதல்வர். உடுத்தச் சொன்னவரும் அவர். உடுத்தியதைக் கண்டு முகம் திருப்பியவரும் அவர்.

"உடுப்புதாங்க மொதல்ல பெரட்டுக்குப் போகுது. ஆளு அப்புறந்தான் போகுது," என்பார் இந்த அம்மையார். இதை முறையீடாகச் சொல்லமாட்டார். மலையில் மூட்டம் எந்தப் பக்கமிருந்து இறங்கும் என்று சொல்வதுபோல் சொல்வார்.

கோட்டை அணிந்த நாளைப் பற்றித் தோட்டமே பேசியது. கணவர் நுவரெலியாவில் ஏலக்காரனிடம் வாங்கிய ஆங்கிலேயர் கோட்டு அது. தோள் அகலம், கை நீளம். அவர் அதன் கையை மணிக்கட்டளவில் மடித்துத் தைத்து, சேலை மேல் அணிந்து, தலைத்துணியைக் கோட்டுக் கழுத்துக்குள் செருகிக்கொண்டு பெரட்டுக்குப் போனார். முன்புறம் பார்த்தால் வெள்ளை கையளவே தெரிந்தது. கங்காணி வரிசையை ஒருமுறை நோக்கிக் கடந்துபோய்த் திரும்பி வந்தார்.

"இது யாரு, ஆம்பளையா பொம்பளையா?"

"குளிருக்கு ஆம்பள பொம்பள தெரியுங்களா மாமா?" என்றார் இவர்.

வரிசை சிரித்தது. கங்காணியும் சிரித்திருக்கலாம், ஆனால் குரலைக் கேட்டவுடன் ஆள் இன்னாரென்று தெரிந்துவிட்டது. சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட, "கொட்டாய்க்குப் பின்னால போ," என்றார். அன்று முதல் பெண்கள் கோட்டு அணிந்து பெரட்டுக்கு வரலாகாது என்றோர் ஆணையும் பிறந்தது. அதனால் குளிரில் நடுங்கிய மற்றப் பெண்கள் சிலர் இவரைச் சினந்தார்கள்.

மாலையில் என்னிடம் வந்து, "மாசிக்குக் கோட்டுன்னு எழுதினதுல ஒரு கோடு போட்டுருங்க," என்றார். போட்டேன். "பேசியிருக்கக்கூடாதுங்க. துணி செய்யிற வேலையில வாயி நொழைஞ்சா கெட்டுப்போகும்."

பிறர் உடுத்திய துணியைத் தொட்டுப் பார்ப்பது அவரிடம் இருந்த ஒரு பழக்கம். இசைவு கேட்கமாட்டார். மலைநீர் கொட்டும் பீலியடியில் தண்ணீருக்கு நிற்கும்போது, பக்கத்தில் நிற்பவர் முந்தானையை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்து, "இது மூணு மழை தாங்காது ஆத்தா," என்பார். கைம்பெண் தொட்டாள் என்று சிலர் சேலையை உதறிக்கொள்வர். அதை அவர் காணாதவர்போல் இருப்பார். கண்டார் என்பதற்கு, அடுத்த சில நாள் கைகளை இடுப்புப் படங்கில் செருகியே வைத்திருப்பதுதான் அடையாளம்.

இரண்டாம் ஆண்டு அவர் எழுதச் சொன்னது ஓரக்கரை. கம்பளியிலிருந்து கறுப்பு நூலை ஒவ்வோர் இழையாய் உருவி, வெள்ளைச் சேலையின் ஓரத்தில் ஊசியால் ஓட்டினார். முதல் மாதம் ஓரிழை. இரண்டாம் மாதம் மூன்றிழை. ஆனியில் நகத்தின் அகலம். அந்த அளவில் பீலியடியில் ஒரு மூதாட்டி அதைப் பார்த்துவிட்டார்.

"என்னாடி இது, கரை?"

"கிழிசலுக்குத் தைச்சேன் அத்தை."

"இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்குமா கிழிஞ்சிச்சு? அவன் செத்து மூணு வருசம் ஆவல. கரை கேக்குதா ஒனக்கு?"

மூதாட்டி சேலையின் ஓரத்தைப் பற்றி இழுக்க, ஆறு மாத நூலும் ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வந்தது. இவர் குனிந்து அந்த நூலைச் சேற்றிலிருந்து எடுத்து, விரலில் சுற்றி, குடத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அந்த ஆண்டுத் தாளில் எஞ்சிய மாதங்களுக்குக் கோடு போடச் சொல்லி அவர் என்னிடம் வரவில்லை.

ஐப்பசியில் துரைசாணி, அதாவது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் மனைவி, பிள்ளைக் காம்பராவைப் பார்வையிட வந்தார். கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை அது. வாயிலில் ஒதுங்கி நின்ற இந்த அம்மையார், கடந்து சென்ற துரைசாணியின் பாவாடை விளிம்பை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்தே விட்டார். கணக்கப்பிள்ளை கையை ஓங்கினார். துரைசாணி என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டுப் போனார். அன்று மாலை அம்மையார் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது முகம் வேறாய் இருந்தது.

"அந்தப் பாவாடை ஒரு நெறம் இல்லைங்க. தூரத்துல பாத்தா ஊதா. கிட்டக்கப் பாத்தா மேல வெள்ளையா இருந்து கீழ வரவர ஊதாவாகுது. எந்த எடத்துல மாறுதுன்னு தேடித்தேடிப் பாத்தேன். அப்படி ஒரு எடமே இல்ல."

"சரி."

"கரை போட்டது தப்புங்க. கரைன்னா அதுக்கு ஒரு தொடக்கம் இருக்கு. தொடக்கம் இருந்தா ஆளுங்க கண்டுபுடிச்சிருவாங்க."

அந்த மார்கழியில், தேயிலை விலை உலகச் சந்தையில் விழுந்துவிட்டதென்றும், தோட்டந்தோறும் ஆளைக் குறைக்கிறார்கள் என்றும் செய்தி பரவியது. பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாய் மூட்டையுடன் ரயிலேறுகிறார்கள் என்று கடைவீதியிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் தோட்டத்திலும் ஆடிக்குள் பட்டியல் வரும் என்று பேச்சு. அவர் அரைப்பேர்கள் அவருக்கே தெரியும். ஊரில் இருந்தவர் கணவருடைய தம்பி ஒருவர்தான். முசிறிக்கு அப்பால் ஒரு சிற்றூர். "அங்கன மாட்டுக்கொட்டாயிலதாங்க எனக்கு எடம். இங்க என் அடுப்பு என்னுது," என்று முன்பொரு நாள் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் தாள் எழுத வந்தபோது அவர் கையில் ஒரு கயிறு இருந்தது. அதில் பழந்துணித் துண்டுகள் பதினைந்து, இருபது கட்டியிருந்தன. கயிற்றின் இந்த முனையில் வெள்ளை. அடுத்தது பாலில் துளி தேநீர் விட்டாற்போல். அதற்கடுத்தது சற்று ஆழம். இவ்வாறே கூடிக்கூடி, அந்த முனையில் நனைந்த மரப்பட்டையின் நிறம். இடையில் எங்கே வெள்ளை முடிந்தது என்று என்னால் விரல் வைக்க முடியவில்லை. தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்ட துணிகள் அவை. தேயிலைச் செடியைத் தறிக்கும் பழைய கவ்வாத்துக் கத்தியைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் துருநீரையும் சேர்த்தால் சாயம் சாம்பல் கலந்து இறுகும் என்பதையும் அவரே கண்டுபிடித்திருந்தார்.

"ரெண்டு சேலையையும் மாசத்துக்கு ஒரு வாட்டி முக்குவேன். ஒவ்வொரு துண்டு அளவுதான் ஏறும். மழையில பழுப்பேறிப்போச்சுன்னு நெனைப்பாங்க. ஆடி வரும்போது நான் வெள்ளைக்காரி இல்ல."

அவர் தம் சொல்லுக்குத் தாமே சிரித்ததை அன்றொரு நாள்தான் கண்டேன்.

ஒரு தடை இருந்தது. தொழிலாளர்க்குக் கொடுக்கும் கழிவுத்தூள் திட்டுத்திட்டாய்ப் பிடித்தது. நல்ல தூள்தான் சீராய் ஏறியது. நல்ல தூள் எங்களைப் போன்ற அலுவலர்க்கு மாதந்தோறும் தோட்டத்தார் தருவது. நான் காப்பி குடிக்கிறவன். அது பெட்டியில் கிடந்தது. அவர் கேட்கவில்லை. "வாத்தியாரய்யாவுக்குத் தூளு செலவாகுறதில்லையாமே," என்று மட்டும் சொன்னார். அன்று முதல் மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒரு பொட்டலத்தைப் பள்ளிக்கூடச் சன்னல் கட்டையில் வைத்துவிட்டு நான் கோயிலுக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போது அது இராது. நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. எவரும் பார்த்ததும் இல்லை. தூளின் அளவையும் துருநீரின் அளவையும் மாதவாரியாய்த் தாளில் எழுதிக் கொடுத்தவனும் நானே.

அந்த ஆறு மாதமும் அவர் நடையே மாறிற்று. மாசியில் எவரும் எதையும் காணவில்லை. பங்குனியில் பீலியடி மூதாட்டி, "சேலையை வெளுக்கத் தெரியலை ஒனக்கு," என்று கடிந்துகொண்டாராம். அதை ஒரு பரிசுபோல் வந்து சொன்னார். சித்திரையில் கொட்டகை மறைவிலிருந்து கடைசி வரிசைக்கு வந்தார். எவரும் போவென்று சொல்லவில்லை. வைகாசியில் நடுவரிசை. ஒரு வாரம் முழுப்பேர் விழுந்தது.

ஆனி பிறந்த சில நாளில், பள்ளி நடந்துகொண்டிருக்கும் நேரத்திலேயே கூடையோடு வந்து சன்னலருகில் நின்றார். மூச்சு வாங்கிற்று.

"இன்னைக்கு முன்வரிசையில நின்னேங்க. மூட்டமா இருந்துச்சு. கங்காணி மாமா என்னைப் பாத்து, 'ஏ புள்ள, முன்னால வந்து நில்லு, நீ மேல் மலைக்கு'ன்னாரு. வேற யாரோன்னு நெனைச்சிக்கிட்டாரு. நான் வாயைத் தொறக்கவே இல்லைங்க."

நான் மகிழ்ந்தேன் என்பதை இங்கே மறைக்கக்கூடாது. என் கைப்பொட்டலம் செய்த வேலை என்று உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டேன்.

அன்று நண்பகலில் கங்காணியின் பசு ஓடைப்பள்ளத்தில் விழுந்து காலொடிந்தது. கறவைப் பசு, அவர் மனைவி சீர்கொண்டு வந்தது. பசுவைப் பள்ளத்திலிருந்து ஏற்றமுடியாமல் நின்றவர், "இன்னைக்கு எந்த மூஞ்சியில முழிச்சேன்?" என்று கேட்டார். கேட்டது வேறெவரையும் அல்ல, தம்மையே. முன்வரிசையில் நின்ற பெண்களை ஒவ்வொருவராய் நினைத்துப் பார்த்தார். ஒருத்தியை மட்டும் பெயர் சொல்ல முடியவில்லை. பெயர் கேட்டு ஆளனுப்பினார். ஆள் திரும்பி வந்து இந்த அம்மையாரின் பெயரைச் சொன்னான்.

மறுநாள் அம்மையாரின் காம்பராவைச் சோதித்தார்கள். தகரப் பெட்டியில் கோட்டு, துணித்துண்டுக் கயிறு, மூன்று தாள்கள், அடியில் ஒரு பிடி நல்ல தூள். தொழிலாளர் காம்பராவில் நல்ல தூள் இருந்தால் அது ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், களவாடியது என்பது தோட்டத்தின் விதி. வேறு விளக்கம் கேட்பதில்லை.

துரையின் அலுவலக வராந்தாவில் விசாரணை. துரை நாற்காலியில் இருந்தார். சினமுள்ளவராய்த் தெரியவில்லை, சளி பிடித்திருந்தது. பெரிய கங்காணி, கணக்கப்பிள்ளை, ஸ்டோர் மேற்பார்வையாளர் நின்றார்கள். கீழே முற்றத்தில் அம்மையார் நின்றார். தாளில் இருந்தது என் கையெழுத்து என்பதால் என்னையும் அழைத்திருந்தார்கள்.

கணக்கப்பிள்ளை தாளை உரக்கப் படித்தார். "'சித்திரை. தூள் மூன்று கை. துருநீர் அரைச் செம்பு. மூன்று நாழிகை ஊறல்.' சமையலா பண்ணியிருக்கு இது?" மேற்பார்வையாளர் சிரித்தார். துரையும் கைக்குட்டைக்குள் ஏதோ சிரித்தார். அம்மையார் சிரிப்பு முடியும்வரை நின்றார்.

"இது உங்க எழுத்துத்தானே வாத்தியார்?" என்றார் கணக்கப்பிள்ளை.

"ஆம். அவர் சொன்னதை எழுதிக் கொடுத்தேன்."

"தூளு எங்கேருந்து வந்துச்சு? உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். ஒரே சொல்லில் முடிந்திருக்கும். நான் கொடுத்தது என்றால் களவு இல்லை. களவு இல்லையென்றால் அவர் பெயரை வெட்டக் காரணமும் இல்லை. ஆனால் அடுத்த கேள்வி என்னவென்பதும் தெரியும். மணமாகாத வாத்தியான் கைம்பெண்ணுக்கு மாதந்தோறும் ஏன் பொட்டலம் வைக்கிறான்? கங்காணி அதைத்தான் எதிர்பார்த்து என்னையே நோக்கிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றிற்று. என் வேலையும், வட்டவளையில் எனக்காகப் பேசிவைத்திருந்த பெண்ணும், என் தந்தையின் முகமும் அந்த வராந்தாவில் வரிசையாய் வந்து நின்றன.

"அதைப் பற்றி அந்தத் தாளில் எதுவும் எழுதவில்லை," என்றேன்.

பொய்யென்று அதில் ஒரு சொல் இல்லை. இத்தனை ஆண்டுகளில் நான் எழுதியும் பேசியும் இருக்கிற தொடர்களில் அதைவிட இழிந்தது ஒன்றை என்னால் நினைவுகூர இயலவில்லை.

அம்மையார் என்னை ஏறிட்டுப் பார்த்தார். சினம் இல்லை. எத்தனை மழை தாங்கும் என்று துணியைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு துரையின் பக்கம் திரும்பினார்.

"ஸ்டோர்லதாங்க எடுத்தேன் தொரை. கூட்டப் போனப்ப மடியில போட்டுக்கிட்டேன்."

அவர் ஒரு நாளும் ஸ்டோர் கூட்டப் போனவர் அல்லர். மேற்பார்வையாளருக்கு அது நன்றாய்த் தெரியும். அவரும் பேசவில்லை. துரை, "வெள்ளிக்கிழமை லாரியிலே அனுப்பு," என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஆடியில் வரவேண்டிய பட்டியல் ஆனியிலேயே தொடங்கிற்று. முதல் பெயர் அவருடையது.

வியாழக்கிழமை பிற்பகலில் பள்ளியை முன்னதாக விட்டுவிட்டு அவரைத் தேடிப் போனேன். காம்பரா திறந்திருந்தது, ஆளில்லை. லயத்துக்குக் கீழே ஓடைக்கரையில் துணி அடிக்கும் ஓசை கேட்டது. மேலே கோட்டு அணிந்து, ஒரு சேலையை உடுத்தியும் மற்றொன்றைக் கல்லில் அடித்துக்கொண்டும் இருந்தார். பக்கத்தில் அடுப்புச்சாம்பல் ஒரு சட்டி, கரைந்து மெலிந்த சவுக்காரத் துண்டு ஒன்று, பிழிந்துபோட்ட எலுமிச்சைத் தோல்கள். விரல்கள் வெளிறி வெடித்திருந்தன. நேற்றிலிருந்து அடித்துக்கொண்டிருப்பதாகப் பக்கத்துக் காம்பராக்காரர் சொன்னார்.

அவர் அருகில் போய் நின்றேன். "ஏன் அப்படிச் சொன்னீர்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

அடிப்பதை நிறுத்தாமலே பேசினார். "திருடின்னு பேரு வாங்கிக்கிட்டுப் போனா, ஊருல திட்டிக்கிட்டே ஒரு கவளம் போடுவாங்க. மத்தப் பேரு வாங்கிக்கிட்டுப் போனா அதுவும் இல்லைங்க. உங்களுக்காகச் சொல்லல. பயப்படாதீங்க."

"இதை ஏன் இப்படி அடிக்கிறீர்கள்?"

"நாளன்னிக்கு அந்த வீட்டு வாசல்ல போயி நிக்கணுமே. தாலி அறுத்தவ நெறத்துல உடுத்திக்கிட்டு நின்னா, கொழுந்தன் பொண்டாட்டி கதவைச் சாத்திருவா. வெள்ளையாத்தான் போகணும். எழுதுனது ஆறு மாசத்துக்கு. அழிக்கிறதுக்கு ரெண்டு நாளுதான் குடுத்திருக்காங்க."

கடைவீதிக்குப் போய் ஒரு புது வெள்ளைச் சேலை வாங்கி வருகிறேன் என்றேன். பொழுது இன்னும் இருந்தது. ஓடினால் போய் வரலாம்.

அவர் மறுப்பாய்த் தலையசைத்தார். "வெள்ளைக் கோடி பொறந்த வீட்டாளு எடுத்துக் குடுக்கிறதுங்க. அண்ணனோ தம்பியோ. இது யாரு குடுத்ததுன்னு அங்க மொதல்ல அதைத்தான் கேப்பாங்க."

"என்னைத் தம்பி என்று சொல்லிவிடுங்கள்."

"அதை அன்னைக்கு வராந்தாவுல நீங்க சொல்லியிருக்கணும்," என்றார். கடிந்து சொல்லவில்லை. தவறவிட்ட வண்டியின் நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னார்.

பிறகு எழுந்து, சேலையை இரண்டு கைக்கும் இடையே விரித்து, என் முன்னால் வெளிச்சத்தில் பிடித்தார். மூட்டம் சற்றே விலகியிருந்தது. நீர் சொட்டிற்று.

"ரெண்டு நாளாப் பாத்துப் பாத்து என் கண்ணு கெட்டுப்போச்சு. வெளுத்திருச்சாங்க வாத்தியாரய்யா? பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். அடித்த இடங்களில் நூல் மெலிந்து துணி வலையாகியிருந்தது. நிறம் அப்படியே இருந்தது. இரும்பு கடித்த சாயம் போவதில்லை. சாம்பலும் பழுப்பும் கலந்து, எங்கே தொடங்கிற்று என்று சொல்லமுடியாதபடி, கோடியிலிருந்து கோடிவரை சீராய்ப் படர்ந்திருந்தது. மிக நேர்த்தியான வேலை.

"வெளுத்துவிட்டது," என்றேன்.

அவர் சேலையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே சிறிது நேரம் பார்த்தார். பின்னர் குனிந்து, சேலையை மறுபடி நீரில் அமிழ்த்தி எடுத்து, கல்லின்மேல் ஓங்கி அடிக்கத் தொடங்கினார்.